ஜார்ஜியாவின் இரண்டாம் சுற்று

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்கத் தேர்தல் குறித்த தங்கள் கட்டுரையில், யார் வென்றார் என்று கேட்பதற்கு முன் எந்த விதியின்படி வென்றார் என்று கேட்க வேண்டும் என எழுதியிருந்தீர்கள். எனக்கு அது மிகையாகப் படுகிறது. 2000இலும் 2016இலும் மொத்த வாக்குகளில் பின்தங்கியவர் அதிபரானார் என்பது உண்மைதான். ஆனால் 2024இல் ட்ரம்ப் மொத்த வாக்குகளிலும் கமலா ஹாரிஸை முந்தினார். பணமும் விளம்பரமும் மக்கள் மனத்தை மாற்றுகின்றன. மனம் மாறிய பக்கம் வெற்றி போகிறது. விதிகள் வெறும் நடைமுறைதானே? அவற்றைப் பெரிதுபடுத்துவது தோற்றவர்கள் சொல்லும் சாக்காக ஆகிவிடாதா?

அன்புடன்,
ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

பணத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2020இல் மைக்கேல் புளூம்பெர்க் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகும் போட்டியில் தம் சொந்தப் பணம் நூறு கோடி டாலருக்கு மேல் செலவிட்டார். அமெரிக்கன் சமோவா என்ற தீவுப் பகுதியைத் தவிர எங்குமே அவர் வெல்லவில்லை. பணம் இல்லாமல் அங்கே களத்தில் நிற்க முடியாது என்பதில் ஐயமில்லை. ஆனால் இரு தரப்பிலும் பணம் கொட்டிக் கிடக்கும்போது முடிவை எது தீர்மானிக்கிறது என்பதே என் கேள்வி. அதற்கு அதிபர் தேர்தலைவிட, அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் ஒரே ஓர் இடம் தெளிவான விடை தருகிறது.

2020 நவம்பர் 3 அன்று ஜார்ஜியா மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் டேவிட் பெர்டியூ 49.7 சதவீத வாக்குகளும், ஜனநாயகக் கட்சியின் ஜான் ஆசாஃப் ஏறத்தாழ 48 சதவீதமும், லிபர்டேரியன் கட்சி வேட்பாளர் இரண்டு சதவீதத்துக்குச் சற்று அதிகமாகவும் பெற்றனர். பெர்டியூ சுமார் 88,000 வாக்குகள் முன்னிலையில் இருந்தார். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அன்றிரவே அவர் வெற்றி பெற்றவர். நம் நாட்டு விதிப்படியும் அப்படித்தான். ஜார்ஜியாவிலோ பாதிக்கு மேல் பெற்றால்தான் வெற்றி, இல்லையெனில் முதலிரண்டு இடம் பெற்றவர்களுக்கிடையே இரண்டாம் சுற்று. 2021 ஜனவரி 5 அன்று நடந்த அந்தச் சுற்றில் ஆசாஃப் ஏறத்தாழ 55,000 வாக்குகளில் வென்றார்.

அந்த ஓர் இடத்தால் செனட் 50க்கு 50 எனச் சமமாகி, துணை அதிபர் கமலா ஹாரிஸின் வாக்கு தீர்ப்பு வாக்காக ஆயிற்று. 2022 ஆகஸ்டில் பணவீக்கக் குறைப்புச் சட்டம் 51க்கு 50 என அவர் வாக்கால்தான் நிறைவேறியது. குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட அதை ஆதரிக்கவில்லை. மெடிகேர் காப்பீட்டில் உள்ள முதியவர்கள் ஒரு வகை இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் கட்டவேண்டியதில்லை என்ற வரம்பு அந்தச் சட்டத்தில் வந்ததுதான். பெர்டியூ நவம்பரிலேயே வென்றிருந்தால் அந்தச் சட்டம் அந்த அவையைத் தாண்டியிருக்காது. இதை நடைமுறை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை.

இந்த விதி எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். 1960களின் தொடக்கம் வரை ஜார்ஜியாவில், கட்சிகள் தம் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் ஆட்களை எண்ணவில்லை, கவுண்டிகளை (நம் மாவட்டம் போன்ற பிரிவுகளை) எண்ணினார்கள். ஒரு கவுண்டியில் முந்தியவருக்கு அதன் அலகுகள் போகும்: மிகப் பெரிய எட்டுக் கவுண்டிகளுக்குத் தலா ஆறு அலகுகள், மிகச் சிறியவற்றுக்கு இரண்டு. அட்லாண்டா நகரைக் கொண்ட ஃபுல்டன் கவுண்டியும் மூன்று குக்கிராமக் கவுண்டிகளும் ஒரே எடை. 1946இல் குறைந்த வாக்குகள் பெற்ற யூஜின் டால்மட்ஜ் ஆளுநர் வேட்பாளரானது இப்படித்தான். இம்முறை செல்லாது என 1963இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததை ஒட்டி, 1964இல் பெரும்பான்மை விதி சட்டமானது. அதை முன்னின்று கொண்டுவந்தவர் டென்மார்க் குரோவர் என்ற சட்டமன்ற உறுப்பினர். 1958இல் தாம் தோற்றதற்குக் கறுப்பினத்தவர் ஒன்றாகத் திரண்டு வாக்களித்ததே காரணம் என்று நம்பியவர். வெள்ளையர் வாக்குகள் பல வேட்பாளர்களிடையே சிதறும்போது கறுப்பினத்தவர் ஒருமுகமாக நின்றால் அவர்கள் ஆதரிப்பவர் வென்றுவிடலாம்; இரண்டாம் சுற்று வைத்தால் சிதறியவை ஒன்றுகூடிவிடும் என்பதே கணக்கு. அறுபது ஆண்டுகள் நெருங்கும் வேளையில், ஆசாஃப் வென்ற அதே நாளில், அதே விதியின் கீழ், மாநிலத்தின் மற்றொரு செனட் இடத்துக்கு ஜனநாயகக் கட்சியின் ராஃபேல் வார்னாக் ஜார்ஜியாவின் முதல் கறுப்பினச் செனட்டராகத் தேர்வானார். அவர் முதல் சுற்றிலேயே முன்னணியில் இருந்தவர் என்பதையும் சொல்ல வேண்டும். வாக்காளர்கள் மாறும்போது, விதியை எழுதியவர்களின் கணக்கு அவர்கள் கையை விட்டுப் போய்விடுகிறது.

தோற்றவர்களின் சாக்கு என்கிறீர்கள். 1992இல் ஜார்ஜியாவின் செனட் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் வைச் ஃபௌலர் முதல் சுற்றில் முந்தி, இரண்டாம் சுற்றில் குடியரசுக் கட்சியின் பால் கவர்டெல்லிடம் தோற்றார். உடனே சட்டமன்றத்தில் பெரும்பான்மை பெற்றிருந்த ஃபௌலரின் கட்சி 50 சதவீத வரம்பை 45 ஆகக் குறைத்தது. 1996இல் அதே கட்சியின் மேக்ஸ் கிளீலாண்ட் 48.9 சதவீதத்திலேயே செனட்டரானார். 2005இல் சட்டமன்றத்தைக் கைப்பற்றிய குடியரசுக் கட்சி மீண்டும் 50 ஆக்கியது. அந்த மாற்றம் இல்லாதிருந்தால் 2020 நவம்பரில் பெர்டியூ வென்றிருப்பார். சாக்குச் சொல்பவர்கள் புலம்புவதோடு நிறுத்திக்கொள்வார்கள். இங்கே இரு கட்சிகளும் விதியையே திருத்தியிருக்கின்றன. போட்டியிடுபவர்களே விதியை எழுதும் ஏற்பாடு அது. மத்தியத் தேர்தல் ஆணையம் என்று அங்கே ஒன்று உண்டு, ஆனால் அது கவனிப்பது பிரசாரப் பணத்தை மட்டுமே; தேர்தலை நடத்துவது மாநிலங்களும் கவுண்டிகளும்தான்.

பிரசாரமும் விதியைப் பார்த்தே வடிவெடுக்கிறது. 2008இல் ஜார்ஜியாவில் இரண்டாம் சுற்று வந்தபோது வாக்களித்தவர்கள் சுமார் 37 லட்சத்திலிருந்து 21 லட்சமாகச் சரிந்தார்கள். 2021இலோ 44 லட்சத்துக்கும் மேற்பட்டோர் வாக்களித்தனர். இடையில் ஒன்பது வாரங்கள் இருந்தன. டிசம்பர் 7 வரை புதிதாகப் பதிவு செய்துகொள்ள முடிந்தது. அந்த அவகாசத்தில் ஜனநாயகக் கட்சியினர் வீடுவீடாகப் போய்ப் பதிவு செய்யவைத்து, முன்கூட்டியே வாக்களிக்க அழைத்துவந்தார்கள். மறுபக்கம் ட்ரம்ப், ஜார்ஜியாவில் தாம் தோற்றது மோசடியால் என்று சொல்லிக்கொண்டே அதே மாநிலத்தில் வாக்குக் கேட்டார். 11,780 வாக்குகளைக் கண்டுபிடித்துத் தருமாறு, தேர்தல் பொறுப்பை வகிக்கும் மாநிலச் செயலரிடம் அவர் தொலைபேசியில் பேசியது தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு வெளியானது. எண்ணிக்கையையே நம்பாதே என்று சொல்லப்பட்ட வாக்காளரை மறுபடியும் வரிசையில் நிற்க வைப்பது எளிதல்ல.

அடுத்து நடந்ததும் விதித் திருத்தம்தான். ஜார்ஜியாவின் 2021ஆம் ஆண்டுப் புதிய சட்டம், இரு சுற்றுகளுக்கு இடையிலான ஒன்பது வாரத்தை நான்காகச் சுருக்கியது. 2022இல் வார்னாக் மீண்டும் இரண்டாம் சுற்றைச் சந்தித்தபோது, அதற்குரிய பதிவின் கடைசி நாள் நவம்பர் 7. முதல் சுற்றே மறுநாள்தான். புதிய வாக்காளர்களைச் சேர்க்கும் வாசல் அடைபட்டுவிட்டது. நவம்பர் இறுதியில் வரும் நன்றி நவிலும் நாள் என்ற விடுமுறைக்குப் பிந்தைய சனிக்கிழமையில் வாக்களிக்கலாமா என்பதற்குக்கூட நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. வார்னாக் வென்றார், ஆனால் உழைப்பின் தன்மை முற்றிலும் வேறாக இருந்தது.

2024 பற்றிய தங்கள் வாதத்துக்கு வருகிறேன். ட்ரம்ப் நாடு முழுவதும் பெற்றது 49.8 சதவீதம். ஜார்ஜியாவின் விதி நாடு முழுவதற்கும் இருந்திருந்தால் அதுவும் இரண்டாம் சுற்றுக்குப் போயிருக்கும். இன்னொன்று, அந்த மொத்த வாக்கே விதியின் விளைவு. அதிபரைத் தீர்மானிப்பது நாடு தழுவிய மொத்த வாக்கு அல்ல, மாநிலவாரியாக வெல்லப்படும் தேர்வாளர் வாக்குகள் என்பதால், இருவரும் தம் நேரத்தையும் பணத்தையும் எப்பக்கமும் சாயக்கூடிய ஏழு மாநிலங்களில் குவித்தார்கள். கலிஃபோர்னியாவிலும் டெக்சாஸிலும் உள்ள கோடிக்கணக்கானோரிடம் யாரும் முறையாக வாக்குக் கேட்கவில்லை.

வென்றவருக்குப் பாதிக்கு மேல் ஆதரவு வேண்டும் என்ற கொள்கையை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். அதை அடைய இரண்டாம் நாள் தேவையில்லை; மேய்ன், அலாஸ்கா மாநிலங்களைப் போல வாக்காளர் தம் விருப்பத்தை 1, 2, 3 என வரிசைப்படுத்தினால் போதும். நான்கு வாரத்தில் வெளிநாட்டுக்கு வாக்குச் சீட்டு அனுப்பித் திரும்பப் பெற முடியாது என்பதால், ஜார்ஜியாவின் அதே 2021 சட்டம் கடல் கடந்த ராணுவத்தினருக்கும் வெளிநாட்டில் வாழ்வோருக்கும் இந்த வரிசைச் சீட்டைத்தான் தருகிறது. உள்ளூரில் இருப்பவர்களுக்கு மட்டும் அதை மறுப்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதையும் நான் இதுவரை கேட்டதில்லை.

அன்புடன்,
ஆசிரியர்