விமானம் மாறும் இடைவேளையில் ஊர் பார்க்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளிடம் செல்லும் பெற்றோர் குறித்து முன்னைய இதழில் எழுதிய பதில்களுக்குப் பின்னர், திருகோணமலை வாசகர்களிடமிருந்து ஒரே விடயம் பற்றிப் பல கடிதங்கள் வந்துள்ளன. ஐரோப்பிய நகரமொன்றில் எட்டு, பத்து மணித்தியாலம் காத்திருக்க நேர்ந்தால் அந்த நேரத்தை என்ன செய்வது என்பதே அந்த விடயம். அவற்றுள் ஐந்து கடிதங்களை இம்முறை எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. மகளின் பேறுகாலத்துக்காகக் கணவருடன் ரொறன்ரோ செல்கிறேன். இருவருக்கும் கனடா விசா கிடைத்துவிட்டது. பாரிஸில் ஒன்பது மணித்தியாலம் ட்ரான்சிட். எட்டு மணித்தியாலத்துக்கு மேல் என்றால் வெளியே விடுவார்கள், ஈஃபிள் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று பயணச்சீட்டு எடுத்துத் தந்தவர் சொல்கிறார். அது உண்மையா?
– வாசகி, உப்புவெளி

பதில்: உண்மையல்ல, அம்மா. உங்களை வெளியே விடுவதும் விடாததும் காத்திருக்கும் நேரத்தைப் பொறுத்ததன்று, கடவுச்சீட்டைப் பொறுத்தது. பிரான்ஸ் உட்பட, ஒரே விசாவுடன் போய்வரக்கூடிய ஷெங்கன் என்னும் ஐரோப்பிய நாடுகள் எதிலும் இலங்கைக் கடவுச்சீட்டுடன் விமான நிலையத்துக்கு வெளியே கால்வைக்க ஷெங்கன் விசா வேண்டும். ஒன்பது மணித்தியாலம் அல்ல, இருபது மணித்தியாலம் காத்திருந்தாலும் இதில் மாற்றமில்லை.

இன்னொன்றையும் அறிந்திருங்கள். வெளியே செல்லாமல் விமான நிலையத்தின் சர்வதேசப் பகுதிக்குள் இருந்தவாறே விமானம் மாறுவதற்குக்கூட விசா கேட்கப்படும் சில நாடுகளின் பட்டியலில் இலங்கையும் இருக்கிறது. ஆயினும் செல்லுபடியான கனடா, அமெரிக்க அல்லது ஜப்பான் விசா வைத்திருப்போருக்கு இந்த விமானநிலைய ட்ரான்சிட் விசாவிலிருந்து விலக்கு உண்டு. ஆகவே நீங்கள் இருவரும் பாரிஸில் விமானம் மாறலாம், பாரிஸைப் பார்க்க முடியாது. அந்த விலக்கும் ஒரே ஷெங்கன் விமான நிலையத்தில் மாறிச் செல்வோருக்கே உதவும். பாரிஸில் இறங்கி, அங்கிருந்து பிராங்பேர்ட்டுக்குப் பறந்து, பின்னர் ரொறன்ரோ செல்வதாகப் பயணம் அமைந்தால் பாரிஸ்–பிராங்பேர்ட் பறப்பு உள்நாட்டுப் பறப்புப் போன்றது. அதற்குள் ஏற ஷெங்கனுக்குள் நுழைந்தாக வேண்டும். இப்படி இரண்டு இடத்தில் மாறும் மலிவுச் சீட்டை வாங்கிவிட்டு, கட்டுநாயக்கவில் ‘செக்-இன்’ மேசையிலேயே திருப்பி அனுப்பப்படும் நிலை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே செல்வதற்காகவே ஷெங்கன் விசா எடுக்கலாமா என்றும் நீங்கள் யோசிக்கக்கூடும். 2024 ஜூன் முதல் ஒருவருக்கு 90 யூரோ கட்டணம். இதற்குமேல் விண்ணப்ப நிலையத்தின் சேவைக்கட்டணம், 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, விரலடையாளம் கொடுக்கக் கொழும்புக்கு ஒரு பயணம் எனச் செலவு ஏறிக்கொண்டே போகும். அத்தனையும் ஊர் பார்க்க மிஞ்சும் நாலு மணித்தியாலத்துக்காக என்றால், என் வீட்டுக் காசாக இருந்தால் நான் செய்யமாட்டேன். அதே காசுக்கு, அதே விமான நிறுவனத்தில் மூன்று நாலு மணித்தியால இடைவேளையுள்ள பறப்பு இருக்கிறதா என்று கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். திருகோணமலையிலிருந்து இரவிரவாகக் கட்டுநாயக்கவுக்கு வந்து, பத்து மணித்தியாலத்துக்கு மேல் பறந்து இறங்கும் உடம்புக்கு, ஒன்பது மணித்தியாலம் இரும்புக் கதிரையில் இருப்பது தண்டனைதான்.

கேள்வி: ஜேர்மனியில் முதுகலை படிக்கிறேன், வதிவிட அனுமதி அட்டை இருக்கிறது. டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வந்து திரும்பும்போது ஆம்ஸ்டர்டாமில் காலை ஆறரைக்கு இறங்கி மாலை நாலரைக்கு அடுத்த விமானம் ஏறுகிறேன். ஒரு நாளில் பார்க்கக்கூடியவை எவை?
– வாசகர், உவர்மலை

பதில்: ஜேர்மனிய வதிவிட அனுமதியுடன் நெதர்லாந்துக்குள் நுழையலாம் என்பதால் உங்களுக்குத் தடையில்லை. ஆனால் உங்களிடம் ஒரு நாள் இல்லை. பத்து மணித்தியாலத்தில் இறங்கிக் குடிவரவு வரிசையைக் கடக்க ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஒதுக்குங்கள். 2025 ஒக்டோபர் 12 முதல் வருவோர் செல்வோரைக் கணினியில் பதியும் புதிய முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தபின் எல்லை வரிசைகள் எப்போது நீளும், எப்போது குறுகும் என்று சொல்வது கடினம். மாலையில் இரண்டு மணிக்கு முன்னரே விமான நிலையத்துக்குத் திரும்பிவிட வேண்டும். போகவர ஆகும் நேரத்தையும் கழித்தால் கையில் நிற்பது ஐந்து மணித்தியாலம். அதிலும் டிசம்பரில் அங்கே காலை எட்டே முக்கால் வரை விடியாது. எனவே அவசரப்பட்டு ஏழரைக்கே நகரத்துக்குள் ஓடி இருட்டில் நடுங்காமல், விமான நிலையத்திலேயே முகங்கழுவி, ஒரு கோப்பி குடித்து, எட்டேகாலுக்குப் புகையிரதம் ஏறுங்கள். நிலையம் விமான நிலையத்தின் அடியிலேயே இருக்கிறது. நடுவண் நிலையத்துக்கு ஏறத்தாழ கால் மணித்தியாலப் பயணம். பயணச்சீட்டுக்கு வரிசையில் நிற்காமல் வங்கி அட்டையை வாயிலில் தொட்டே உள்ளே போகலாம், இறங்குமிடத்தில் மறக்காமல் மீண்டும் தொட வேண்டும்.

நிலையத்தை விட்டு வெளியேறுவோர் அனைவரும் முன்வாசலால் கால்வாய்களை நோக்கிப் போவர். நீங்கள் முதலில் பின்வாசலால் போங்கள். அங்கே ஐ என்னும் அகன்ற நீர்நிலையைக் கடக்கப் ‘பாதை’ப் படகு ஓடுகிறது. ஆம், 2009இல் பாலம் திறக்கும்வரை நாங்கள் கிண்ணியாவுக்குப் போன அதே பாதைதான், கொஞ்சம் திருத்தமாக. நான் முதன்முறை சென்ற காலையில் தூறிக்கொண்டிருந்தது. ஈரச் சைக்கிள்களைப் பிடித்தபடி வேலைக்குப் போகிறவர்கள் நெருக்கி ஏறினார்கள். இரும்புத் தட்டு நிலத்தில் உராய்ந்து மேலெழுந்தது. கிண்ணியாவில் கேட்ட அதே சத்தம். நான் சில்லறைக் காசைக் கையில் வைத்துக்கொண்டு காசு வாங்குபவர் எங்கே என்று தேடிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற ஒரு பெண் சிரித்துவிட்டு, காசு தேவையில்லை என்று கையசைத்தார். அது முற்றிலும் இலவசம், சில நிமிடத்தில் அக்கரை. அங்கிருந்து பார்த்தால் நகரம் முழுவதும் தண்ணீரில் வரிசையாக நிற்கும். திரும்பி வருவதும் இலவசம்.

அதன் பின்னர் ஒரே ஓர் இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். ஆன் பிராங்க் இல்லத்துக்கு இணையத்தில் முற்பதிவு செய்தால் மட்டுமே அனுமதி. சீட்டுகள் ஆறு கிழமைக்கு முன்னரே விடப்பட்டுத் தீர்ந்துவிடுவதால், விமானம் பிந்தினால் கைவிட்டுப் போகும் அந்தத் திட்டத்தில் நம்பிக்கை வைக்க வேண்டாம். திருகோணமலைக்காரர் என்பதால் உங்களுக்கு நான் சொல்வது கடல்சார் அரும்பொருளகம். நடுவண் நிலையத்திலிருந்து கிழக்கே சுமார் இருபது நிமிட நடை. 1656இல் ஒல்லாந்துக் கடற்படையின் பண்டகசாலையாகக் கட்டப்பட்ட அந்தக் கட்டடம் காலை பத்து மணிக்குத் திறக்கும். போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கற்களைக்கொண்டு கட்டிய நமது கோட்டையை ஒல்லாந்தர் கைப்பற்றியது 1639இல். பிரட்றிக் கோட்டை வாசலால் மான்களைப் பார்த்துக்கொண்டு சுவாமிமலைக்கு நடந்து வளர்ந்த ஒருவர், அவர்கள் எந்தக் கப்பலில், எந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு நமது துறைமுகத்துக்குள் வந்தார்கள் என்பதை அவர்களுடைய ஊரிலேயே நின்று பார்ப்பதற்கு இரண்டு மணித்தியாலம் கொடுக்கலாம். வெளியே துறையில் கிழக்கிந்தியக் கம்பனிக் கப்பல் ஒன்றின் முழு அளவு மாதிரி கட்டப்பட்டிருக்கும்; அசல் கப்பல் 1749இல் தனது முதற் பயணத்திலேயே இங்கிலாந்துக் கரையில் தரைதட்டிப் போனது. மீதி நேரத்தில் கால்வாயோரமாக நடந்து நிலையத்துக்குத் திரும்புங்கள், போதும்.

குளிர்ச்சட்டையைப் பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடாதீர்கள். பெட்டி நேரே ஜேர்மனிக்குப் போய்விடும், நீங்கள் ஊரிலிருந்து வந்த மெல்லிய சட்டையுடன் நிற்பீர்கள்.

கேள்வி: கனடாவுக்குப் போகும் வழியில் லண்டனில் பதினொரு மணித்தியாலம். என் அண்ணா ஈஸ்ட்ஹாமில் இருக்கிறார். பன்னிரண்டு வருடமாகக் காணவில்லை. போய்ப் பார்த்து வர வழியுண்டா?
– வாசகி, மூதூர்

பதில்: பிரித்தானியா ஷெங்கனில் இல்லை, அங்கே நடைமுறை வேறு. செல்லுபடியான கனடா விசாவுடன் கனடாவுக்குப் பயணிப்பவர், வானூர்தியில் வந்து, மறுநாள் நள்ளிரவுக்கு முன் வானூர்தியிலேயே புறப்படுவதற்கான உறுதிசெய்யப்பட்ட சீட்டு வைத்திருந்தால், தனியாகப் பிரித்தானிய விசா இல்லாமல் வெளியே செல்ல அனுமதி கேட்கலாம். கவனியுங்கள்: கேட்கலாம். தீர்மானிப்பவர் குடிவரவு அலுவலர். புறப்படும் கிழமையில் பிரித்தானிய அரசின் இணையத்தளத்தில் விதி மாறவில்லை என்பதை உறுதிப்படுத்துங்கள். கனடா விசா, மேற்செல்லும் சீட்டு, மகளின் அல்லது மகனின் அழைப்புக் கடிதம் ஆகியவற்றின் அச்சுப் பிரதிகளைக் கையில் வைத்திருங்கள்.

அனுமதி கிடைத்தாலும் ஈஸ்ட்ஹாமுக்குப் போகாதீர்கள். ஹீத்ரோ மேற்கில், ஈஸ்ட்ஹாம் கிழக்கில்; போகவே ஒன்றேகால் மணித்தியாலத்துக்கு மேலாகும், ஒரு தடவை புகையிரதம் தடைப்பட்டால் உங்கள் கனடாப் பயணமே கேள்விக்குறியாகும். அண்ணாவை இந்தப் பக்கம் வரச்சொல்லுங்கள். ஹீத்ரோவிலிருந்து எலிசபெத் புகையிரதப் பாதையில் சுமார் இருபது நிமிடத்தில் வெஸ்ட் ஈலிங்; அங்கே நம்மவர்கள் நடத்தும் கனகதுர்க்கை அம்மன் ஆலயம் நடைதூரத்தில் இருக்கிறது. கோயிலில் சந்தித்து, ஆறுதலாக இருந்து கதைத்து, ஒன்றாகச் சாப்பிட்டுவிட்டு, அவரே உங்களை ஹீத்ரோவுக்குக் கூட்டிவரட்டும். பன்னிரண்டு வருடத்துக் கதையில் பாதியைப் புகையிரதத்தில் இருந்து கடிகாரத்தைப் பார்ப்பதில் தொலைக்க வேண்டாம்.

கேள்வி: எழுபது வயது கடந்த என் பெற்றோர் நோர்வேயில் உள்ள தம்பியிடம் செல்கிறார்கள். சூரிச்சில் ஏழு மணித்தியாலம். அப்பாவுக்கு நீரிழிவு. உள்ளேயே இருக்கச் சொல்வதா, வெளியே அனுப்புவதா?
– வாசகர், நிலாவெளி

பதில்: நோர்வே கொடுத்த ஷெங்கன் விசா சுவிற்சர்லாந்திலும் செல்லும், எப்படியும் அவர்களுக்குக் குடிவரவுச் சோதனை சூரிச்சிலேயே முடிந்துவிடும், ஒஸ்லோ விமானம் அதன் பின் உள்நாட்டு விமானம் போன்றது. நகரம் மிக அண்மையில், புகையிரதத்தில் பன்னிரண்டு நிமிடத்துக்குள் இருப்பதால், நடக்கக்கூடியவர்கள் என்றால் அனுப்பலாம் என்பதே என் எண்ணம். நிலையத்திலிருந்து ட்ராமில் நேரே ஏரிக்கரைக்குப் போய், ஓர் இருக்கையில் இருந்து, மழையில்லாத நாளில் தொலைவில் பனிமலைகளையும் அருகில் அன்னங்களையும் பார்த்துவிட்டுத் திரும்பட்டும். அதற்கு மேல் ஒரு தேவாலயமும் வேண்டாம், ஒரு கடைத்தெருவும் வேண்டாம். தண்ணீர் வாங்கக் காசு செலவழிக்கத் தேவையில்லை. நகரெங்கும் ஆயிரத்து இருநூறுக்கு மேற்பட்ட பொது நீரூற்றுகள் உள்ளன, அநேகமாக எல்லாவற்றிலும் குடிக்கலாம். இன்சுலினும் மருத்துவரின் சீட்டும் கைப்பையிலேயே இருக்க வேண்டும். சாப்பாட்டு நேரம் இலங்கை நேரப்படி போகிறதா, அங்குள்ள நேரப்படி போகிறதா என்பதை மருத்துவரிடம் முன்னரே கேட்டு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

சக்கர நாற்காலி உதவி கேட்டிருந்தால், புறப்படுவதற்கு 48 மணித்தியாலத்துக்கு முன் அறிவித்துவிட்டு, சூரிச்சில் வெளியே போகப்போவதையும் உதவியாளரிடம் சொல்லச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் அன்போடு கொண்டுபோய் அடுத்த வாயிலில் இருத்திவிடுவார்கள்.

கேள்வி: இடைவேளையில் வெளியே போனால் பெட்டிகளை என்ன செய்வது? தங்கைக்குக் கருவாடும் நெய்யும் கொண்டுபோகிறேன். பிடிப்பார்களா?
– வாசகி, கிண்ணியா

பதில்: ஒரே சீட்டில் முழுப் பயணமும் இருந்தால் பெட்டி நேரே கடைசி இடத்துக்குப் போகும். கட்டுநாயக்கவில் பெட்டியின் கைப்பிடியில் சுற்றும் பட்டியை, அது உருண்டு உள்ளே போவதற்கு முன் நீங்களே வாசியுங்கள்; ரொறன்ரோ என்றால் அதில் வை-வை-இசட் என்ற எழுத்துகள் இருக்க வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் மலிவுக்காக இரண்டு நிறுவனங்களின் சீட்டுகளைத் தனித்தனியே வாங்கிய நான் அதைப் பார்க்கவில்லை. பெட்டி இடைநகர விமான நிலையத்தின் சுழல்பட்டியில் சுற்றிக்கொண்டிருந்தது. அதை எடுக்க வெளியே வர என்னிடம் விசா இல்லை. எட்டு நாள் கழித்து அது வந்து சேர்ந்தபோது, உள்ளே இருந்த முருங்கைக்காய்களின் நிலையை இங்கே எழுத விரும்பவில்லை.

கைப்பையோடு மட்டும் வெளியே போகிறீர்கள் என்றால், பெரிய நிலையங்களில் ‘லொக்கர்’ உண்டு. உங்கள் கருவாட்டைப் பொறுத்தவரை, தனிப்பட்ட பாவனைக்காக ஒருவர் 20 கிலோ வரை மீனும் மீன்பொருளும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கிறது. நெய்க்கு அனுமதியில்லை, இறைச்சியும் பால்பொருள்களும் வெளிநாட்டிலிருந்து வரக்கூடாது. எனவே நெய் போத்தலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு சுங்கப் பகுதியைக் கடந்து வெளியே போகாதீர்கள். கைப்பையில் 100 மில்லிலீற்றருக்கு மேல் திரவமாக அது பாதுகாப்புச் சோதனையிலேயே அகப்படும். பெட்டிக்குள் போகும் பொருள்களுக்கு இறுதியாக இறங்கும் நாட்டின் விதியைத் தனியாகப் பாருங்கள். கருவாட்டை மூன்று தட்டுப் பொலித்தீனில் கட்டிப் பெட்டிக்குள் வையுங்கள். கைப்பையில் அதைச் சுமந்துகொண்டு வெப்பமூட்டிய ட்ராமில் ஏறினால், உங்களைத் தடுக்கச் சட்டம் இல்லை என்றாலும் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும்.