ஜப்பானில் மட்டும் வந்த ரிதம் கேம்களை எமுலேட்டரில் ஆடினால் போதுமா, அசல் கேட்ரிஜ் வாங்க வேண்டுமா?

எமுலேட்டரில், அதாவது பழைய கேம் மெஷினைப் போல நடிக்கும் மென்பொருளில், தொடங்குங்கள். மனசுக்கு ஒட்டிப்போன கேமை மட்டும் அசலாக வாங்குங்கள். ஒன்றே ஒன்று: எமுலேட்டரில் சரியாக ஆட வரவில்லை என்பதற்காக "நமக்குத் தாளம் வராது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் ஆறு மாதம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என்னை இதற்குள் இழுத்தது 'ரிதம் டெங்கோகு'. கேம் பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க மெஷினுக்காக நின்டெண்டோ 2006 ஆகஸ்டில் வெளியிட்டது. இசையில் 'மார்னிங் முசுமே' என்ற ஜப்பானியப் பாப் குழுவின் தயாரிப்பாளர் சுங்குவின் கை இருக்கிறது. அடுத்த பாகங்கள் வெளிநாடுகளுக்கும் போயின. முதல் பாகம் ஜப்பானைத் தாண்டவில்லை. அதில் ஓர் ஆட்டம்: முகம் வைத்த ஒரு வெங்காயம். அதில் முடி ஒவ்வொன்றாக முளைக்கும். முளைக்கிற தாளத்தைக் காதில் வாங்கிக்கொண்டு, அடுத்த சுற்றில் அதே தாளத்தில் சாமணத்தால் பிடுங்க வேண்டும். பட்டன் ஒன்றுதான். சில முடிகள் தாளத் தட்டோடு சேராமல் அரைத் தட்டு தள்ளி முளைக்கும், அங்கேதான் மாட்டிக்கொள்வோம். ஜப்பானிய மொழி தெரிய வேண்டிய அவசியமே இல்லை, காது போதும்.

ஆட்டம் முடிந்ததும் எனக்கு முதலில் வந்த தீர்ப்பெல்லாம் 'யாரினாவோஷி', அதாவது 'மறுபடி செய்'. காரணம் என் ப்ளூடூத் இயர்போன். இந்த கேம் ஓடுவது வினாடிக்கு ஏறக்குறைய 60 ஃப்ரேம் (திரையில் மாறும் படம்), ஒரு ஃப்ரேம் சுமார் 17 மில்லிசெகண்ட். ப்ளூடூத்தில் ஒலி 150, 200 மில்லிசெகண்ட் பிந்தி வருவது சர்வசாதாரணம். அதாவது தாளத் தட்டு என் காதுக்கு வந்து சேரும்போது கேம் பத்து ஃப்ரேம் தாண்டிப் போயிருக்கும். வயர் இயர்போன் மாட்டிய அன்றைக்கே வெங்காயம் மொட்டையானது. அந்தச் சந்தோஷத்தை எப்படிச் சொல்ல!

அதனால் முதல் வேலை வயர் இயர்போன். அப்புறம் எமுலேட்டரில் ஆடியோ பஃபரை (ஒலியை முன்கூட்டிச் சேர்த்து வைக்கும் அளவை), ஒலி விட்டு விட்டுக் கேட்காத அளவுக்குக் குறையுங்கள். டிவியில் ஆடினால், தாமதத்தைக் குறைக்கும் கேம் மோடைப் போடுங்கள். ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் மென்பொருளில் 'ரன் அஹெட்' என்று ஒரு வசதி உண்டு, கேமுக்குள்ளேயே இருக்கும் ஓரிரு ஃப்ரேம் தாமதத்தையும் அது விழுங்கிவிடும். இவ்வளவும் செய்த பிறகு ஆடிப் பார்த்து முடிவெடுங்கள்.

நின்டெண்டோவின் தொடுதிரை மெஷினான டிஎஸ்ஸில் வந்த 'ஒஸ்ஸு! தடகாயே! ஓஎண்டன்' வேறு ரகம். 2005-இல் இனிஸ் நிறுவனம் செய்தது. கறுப்பு உடுப்புப் போட்ட ஆதரவுக் குழு ஒன்று, கஷ்டத்தில் இருப்பவர்களுக்காகக் கத்தி ஆடுகிறது. பாட்டுக்கேற்பத் திரையில் வரும் வட்டங்களைத் தொட வேண்டும். இதை மவுஸில் ஆடாதீர்கள், அந்த உணர்வே வராது. இதில் வருபவை ஜப்பானியப் பாப் பாடல்கள். அத்தனைக்கும் மறுபடி உரிமை வாங்கி வெளியிடுவார்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அதனால் அசலாக வாங்கினேன்.

வாங்குவது பயப்படுகிற அளவுக்கு இல்லை. கேம் பாய் அட்வான்ஸுக்கும் பழைய டிஎஸ்ஸுக்கும் ரீஜன் லாக் கிடையாது, எந்த நாட்டு மெஷினிலும் ஓடும். பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த 'தாய்கோ' என்ற மேளம் அடிக்கும் கேம் டிஸ்க்குகள் அப்படி அல்ல. ஜப்பானிய விற்பனைப் பக்கங்களில் 'ஹாகோசெட்சு ட்சுகி' என்றால் பெட்டியும் கையேடும் சேர்த்து, 'சோஃப்டோ நோமி' என்றால் கேட்ரிஜ் மட்டும். 'ஜங்க்' என்றிருந்தால் ஓடும் என்று உத்தரவாதம் இல்லை. தபால் செலவு கேட்ரிஜ் விலையையே தாண்டிவிடலாம், நாலைந்தைச் சேர்த்து வரவழையுங்கள். கேம் பாய் அட்வான்ஸில் போலி அதிகம். அசல் லேபிளில் சின்னதாக எண் அழுத்திப் பதிந்திருக்கும், வெளிச்சத்தில் சாய்த்தால் தெரியும்.

என்னிடம் இருக்கும் ரிதம் டெங்கோகுவின் முதுகில் மார்க்கர் பேனாவால் ஒரு குழந்தையின் பெயர், கோணல்மாணலான ஹிரகானா எழுத்தில். ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் போய்விடும் என்றார்கள். துடைக்க மனசு வரவில்லை. கேட்ரிஜைக் கணினியில் படிக்கும் ரீடரில் போட்டு அதை நகல் எடுத்து வைத்திருக்கிறேன். பஸ்ஸில் போகும்போது போனில் ஆடுவது அந்த நகலைத்தான், வயர் இயர்போனோடு.