காரத்தால் வலியை அறிதல்

கேள்வி: நோயற்ற தன்னார்வலர்களின் தோலில், மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினைச் செலுத்தி வலி உண்டாக்குவது எதற்காக? அது முறையா?

பதில்: வலி நரம்புகளிலுள்ள டிஆர்பிவி1 என்னும் ஏற்பியை (தூண்டலை உணரும் புரதத்தை), ஏறத்தாழ 43 டிகிரி செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்தைப் போலவே கேப்சைசினும் தூண்டுவதால், தோல் வெந்துபோகாமலேயே சுடும் வலி பிறக்கிறது. 1997இல் இந்த ஏற்பியைத் தம் குழுவினருடன் இனங்கண்ட அமெரிக்க அறிவியலாளர் டேவிட் ஜூலியஸ், 2021இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆய்வாளர்கள் பெரிதும் நாடுவது அந்த எரிச்சலையன்று. கேப்சைசின் படாத சுற்றுப்புறத் தோலிலும் கூர்முனையின் தொடுதல் வழக்கத்தைவிட மிகுதியாக வலிப்பதையே. தண்டுவட நரம்பணுக்கள் மிகையுணர்வு அடைவதன் அடையாளமான இந்நிலை, நரம்புச் சிதைவால் வரும் நாள்பட்ட வலியைச் சில கூறுகளில் ஒத்திருப்பதால், புதிய வலி மருந்துகளை நோயாளிகளுக்குத் தருமுன் இதில் சோதித்துப் பார்க்க முடிகிறது. முழு விவரமறிந்து இசைந்தவருக்கு, எந்நொடியிலும் விலகும் உரிமை மெய்யாகவே இருக்குமானால், இது முறையானதே என்பது என் உறுதியான கருத்து. ஆனால், ஆண்டுக்கணக்கில் வலியோடு வாழ்பவரின் மனச்சோர்வையும் உறக்கமின்மையையும் இச்சோதனையால் உருவாக்கிக் காட்ட இயலாது.