கை தூக்க முடியவில்லை: நுண்துளை அறுவை சிகிச்சை உடனே தேவையா?

கேள்வி: எனக்கு வயது 52. திண்டுக்கல் அருகே வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறேன். பத்து ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். ஐந்து மாதங்களாக வலது தோளில் வலி. தலை பின்ன முடியவில்லை, முதுகுப் பக்கம் கை போகவில்லை, இரவில் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியவில்லை. கீழே விழவும் இல்லை, அடி படவும் இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்ததில் ஜவ்வில் பாதிக் கிழிசல் என்று வந்திருக்கிறது. ஸ்கேன் எடுத்த இடத்தில் அறிமுகமான ஒருவர் கோவையில் ஒரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். கத்தி வைக்காமல் துளை போட்டே ஜவ்வைத் தைத்துவிடலாம், மூன்றாம் நாள் தையல் மிஷினில் உட்காரலாம், இந்த வாரமே சேர்ந்தால் 2 லட்சத்து 20 ஆயிரத்தில் முடித்துத் தருகிறோம் என்கிறார்கள். செய்துகொள்ளலாமா?

பதில்: இந்த வாரம் சேர வேண்டாம். முன்பணம் கட்டியிருந்தால் திரும்பக் கேளுங்கள். சர்க்கரை நோயுள்ள, ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்கு, அடி எதுவும் படாமல் மெல்ல மெல்ல வலி கூடி, பிறகு கை எந்தப் பக்கமும் போகாமல் நின்றுவிட்டது என்றால் முதலில் நினைக்க வேண்டியது தோள் இறுக்கத்தைத்தான். ஃப்ரோசன் ஷோல்டர் என்று டாக்டர்கள் சொல்வதும் இதையே. உங்கள் கடிதத்தில் எம்.ஆர்.ஐ. அறிக்கை இருக்கிறது, செலவுக் கணக்கு இருக்கிறது. ஆனால் ஒரு டாக்டர் உங்கள் கையைப் பிடித்து நான்கு பக்கமும் அசைத்துப் பார்த்தார் என்று ஒரு வரிகூட இல்லை. என் பெரிய கவலை அதுதான்.

இன்று மாலை வீட்டில் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு முழங்கைகளையும் விலாவோடு ஒட்டி மடக்கி, முன்கைகளை நேராக முன்னால் நீட்டுங்கள். முழங்கை விலாவைவிட்டு விலகாமல், துணைக்கு இருப்பவர் முதலில் உங்கள் இடது மணிக்கட்டைப் பிடித்து மெதுவாக வெளிப்பக்கம் திருப்பட்டும். பிறகு வலது கையை அதேபோலத் திருப்பட்டும். இடது கை தாராளமாக வெளியே போக, வலது கை மட்டும் பூட்டிய கதவைப் போல ஓர் இடத்தில் நின்றுவிட்டால், அது பெரும்பாலும் மூட்டு இறுக்கம். பிறர் திருப்பும்போது முழுத் தூரமும் போகிறது, நீங்களாகச் செய்யும்போதுதான் பலம் இல்லை என்றால் அது ஜவ்வின், அதாவது தசைநாணின் கோளாறு. மூட்டுத் தேய்மானமும் இப்படித் தடுக்கும் என்பதால் ஒரு சாதாரண எக்ஸ்ரே மட்டும் கட்டாயம் தேவை.

தோள் மூட்டைச் சுற்றிப் பை போல ஓர் உறை இருக்கிறது. கை தலைக்கு மேலே போக இடம் கொடுப்பதற்காக அதன் அடிப்பகுதி மடிப்பு மடிப்பாகத் தொய்ந்திருக்கும். ரவிக்கையின் அக்குளில் துணி போதாமல் வெட்டிவிட்டால் கையைத் தூக்கும்போது எப்படிப் பிடித்து இழுக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்த உறை வீங்கித் தடித்துச் சுருங்கிவிட்டால் மூட்டுக்குள்ளும் அதுவே நடக்கிறது. சர்க்கரையும் தைராய்டு கோளாறும் உள்ளவர்களுக்கு இது அதிகமாக வருகிறது. வலி ஏறும் காலம், இறுகி நிற்கும் காலம், தளரும் காலம் என ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரை இழுக்கும். பெரும்பாலோருக்கு அறுவை சிகிச்சை இல்லாமலே தளர்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்குக் கூடுதலாக நாள் பிடிக்கும்.

அப்படியென்றால் அறிக்கையில் உள்ள கிழிசல்? அது பொய்யில்லை. ஆனால் வயது ஏற ஏறத் தசைநாண் நைந்துபோவது வழக்கம். தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 1995இல் வெளியானது. அதில் 60 வயதைக் கடந்தவர்களில் 54 சதவீதத்தினருக்குப் பாதியாகவோ முழுதாகவோ கிழிசல் இருந்தது, அவர்களுக்கு வலியே இல்லை. ஸ்கேனில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணம் என்று எடுத்துக்கொண்டு கத்தியை எடுத்தால் ஊரில் பாதிப் பேரை மேசையில் படுக்க வைக்க வேண்டியிருக்கும்.

உங்கள் விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. கிழிசலைத் தைத்தால் அது ஒட்டும்வரை கையை நான்கு முதல் ஆறு வாரம் பட்டையில் தொங்கவிட்டு அசையாமல் வைக்க வேண்டும். இறுக்கத்துக்கோ கையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஏற்கெனவே இறுகிய தோளில் அவசரமில்லாத ஒரு பாதிக் கிழிசலைத் தைத்துக் கையையும் கட்டிப்போட்டால் இறுக்கம் இன்னும் கூடும். இப்படித் தைத்துக்கொண்டு, எட்டு மாதம் கழித்தும் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் என்னிடம் வந்தவர்கள் உண்டு.

கத்தி வைக்காத சிகிச்சை என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். சுமார் நான்கு மில்லிமீட்டர் தடிமனுள்ள கேமராக் குழாயை ஒரு துளை வழியாகவும், கருவிகளை வேறு துளைகள் வழியாகவும் செலுத்தி, லிட்டர் லிட்டராக உப்புநீரைப் பாய்ச்சி மூட்டை விரித்துவைத்துக்கொண்டு, உள்ளே வெட்டவோ தைக்கவோ செய்கிறோம். முழு மயக்கம் பெரும்பாலும் தேவைப்படும். வெளியே தழும்பு சிறிதாக இருப்பதும் தசையை அதிகம் அறுக்காமல் இருப்பதும் நல்லதுதான். அதற்காகவே நானும் இதைச் செய்கிறேன். ஆனால் தைத்த தசைநாண் எலும்போடு ஒட்ட எடுத்துக்கொள்ளும் காலம் துளை சிறியது என்பதால் ஒரு நாள்கூடக் குறையாது. தைத்த பிறகு மூன்றாம் நாள் மிஷினில் உட்காரலாம் என்று சொன்னவர் மருத்துவம் தெரிந்து பேசவில்லை. மூன்று மாதமாவது தையல் வேலையை மறந்துவிட வேண்டும். பழைய பலம் திரும்ப ஆறு மாதம் ஆகும்.

இடையில் வந்த அந்த மனிதரைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்கிறேன். நோயாளியை அனுப்பியதற்காக டாக்டர் பணம் கொடுப்பதும் வாங்குவதும் கூடாது என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. இருந்தும் ஸ்கேன் மைய வாசலிலும் மருந்துக்கடை ஓரத்திலும் இது நடக்கிறது, அந்தப் பணமும் கடைசியில் உங்கள் பில்லில்தான் ஏறுகிறது. எனவே அவர் இல்லாமல் தனியாகப் போய், செலவுக் கணக்கைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். கிழிந்த தசைநாணை எலும்போடு சேர்த்துத் தைக்க ஆங்கர் என்ற சிறிய தையல் ஆணிகளைப் பதிப்பார்கள். எத்தனை ஆணி, எந்த வகை, ஒன்றின் விலை என்ன என்று கேளுங்கள். இறுகிய உறையை வெட்டித் தளர்த்துவதற்கு மட்டும் ஓர் ஆணிகூடத் தேவையில்லை. தைத்தே ஆகவேண்டும் என்று பின்னொரு நாளில் முடிவானாலும், பதித்த ஒவ்வோர் ஆணியின் ஸ்டிக்கரையும் டிஸ்சார்ஜ் அறிக்கையில் ஒட்டித் தரச் சொல்லி வாங்குங்கள். டைட்டானியம் தவிர மற்ற ஆணிகள் எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியாது என்பதால் பிறகு எண்ணிப் பார்க்க அந்த ஸ்டிக்கர்தான் ஆதாரம்.

காப்பீட்டின் அமைப்பும் இந்தத் தவறுக்குத் துணைபோகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. தனியார் காப்பீடுகளும் உண்டு. ஆனால் இவையெல்லாம் பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்தால்தான் பணம் தருகின்றன. உங்களுக்கு இப்போது வேண்டியது ஓர் ஊசியும் மூன்று மாதப் பயிற்சியும். அதற்குக் கைக்காசு போட வேண்டும், லட்சக்கணக்கில் செலவாகும் அறுவைக்குக் காப்பீடு வரும் என்றால் சாதாரணக் குடும்பம் எதைத் தேர்ந்தெடுக்கும்? ஆண்டுக்கணக்காகச் சொல்லிவருகிறோம், மாறவில்லை. அதனால் திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலோ எலும்புப் பிரிவில் காட்டி, இயன்முறைப் பயிற்சியை அங்கேயே கேட்டு வாங்குங்கள். சுளுக்கெடுக்கிறேன், நரம்பை நீவுகிறேன் என்று சொல்பவரிடம் மட்டும் தோளைக் கொடுக்காதீர்கள். எலும்பு தேய்ந்தவரின் இறுகிய கையை வேகமாக இழுத்தால் மேற்கை எலும்பே முறிந்துவிடும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு விதிவிலக்கை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். நேற்றுவரை நன்றாக இருந்த கை, வண்டியிலிருந்து விழுந்த அன்று முதல் தூக்க வரவில்லை, ஆனால் பிறர் தூக்கிவிட்டால் போகிறது, விட்டதும் தொப்பென்று விழுகிறது என்றால், அது அடிபட்டதால் முழுதாக அறுந்த தசைநாணாக இருக்கலாம். அவர்கள் நான் மேலே சொன்ன பொறுமையைக் கடைப்பிடிக்கக் கூடாது. மாதங்கள் போகப் போக அறுந்த தசை சுருங்கி உள்வாங்கி, அதில் கொழுப்பு படிந்துவிடும். அப்படிப் படிந்த கொழுப்பு, தைத்த பிறகும் பெரும்பாலும் விலகுவதில்லை. எக்ஸ்ரேயில் எலும்பு முறியவில்லை என்று எண்ணெய் தடவிக்கொண்டு ஆறு மாதம் கழித்து வருபவர்களைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. ஓரிரு வாரத்துக்குள் எலும்பு மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

உங்களுக்கு வருவோம். மூட்டுக்குள் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி குறையும், வலி குறைந்த அந்த வாரங்களில்தான் பயிற்சி பலிக்கும். ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும். தினமும் பார்த்து, உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். குனிந்து நின்று கையை ஊசல்போல ஆட்டுவது, சுவரில் விரல்களால் படிப்படியாக ஏறுவது, துண்டை முதுகுப் பின்னால் பிடித்து நல்ல கையால் மேலே இழுப்பது ஆகியவற்றை நாளுக்கு மூன்று, நான்கு முறை, வெந்நீர் ஒத்தடத்துக்குப் பிறகு செய்யுங்கள். பிரிட்டனில் 35 மருத்துவமனைகளில் 503 பேரை வைத்து நடத்தி 2020இல் வெளியான ஆய்வில், ஊசியுடன் முறையான பயிற்சி, மயக்கத்தில் கையை அசைத்துத் தளர்த்துதல், நுண்துளை வழியாக உறையை வெட்டுதல் ஆகிய மூன்றுக்கும் இடையே ஓராண்டின் முடிவில் நோயாளி உணரும் அளவுக்குப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. கடுமையான பின்விளைவுகள் அதிகம் வந்தது நுண்துளைக் குழுவில்.

ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் கை நகரவில்லை என்றால் அப்போது உறையைத் தளர்த்தும் நுண்துளை அறுவையைப் பற்றிப் பேசலாம். அன்றைக்கு வரும்போது ஸ்கேன் அறிக்கைத் தாளோடு நிற்காமல் அதன் சி.டி.யையும், மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1.சி. முடிவையும், தைராய்டு பரிசோதனையையும் எடுத்து வாருங்கள்.