பழைய ஹாலிவுட் நடிகைகளில் திறமைக்கேற்ற வாய்ப்பு கிடைக்காமல் போனவர் என்று யாரைச் சொல்வீர்கள்?

டோனா ரீட்.

ஆஸ்கர் வாங்கியவர் ஆயிற்றே என்பீர்கள். அந்த ஆஸ்கருக்குப் பிறகு அவருக்கு என்னென்ன வேடம் கொடுத்தார்கள் என்று பார்த்தால்தான் எனக்கு ஏன் மனம் ஆறவில்லை என்பது புரியும்.

நான் அவரை முதலில் பார்த்தது 1946இல் வந்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' படத்தில். ஃப்ராங்க் காப்ரா இயக்கம், ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நாயகன். முதல் தடவை கண் முழுக்க ஸ்டூவர்ட் மேலேயே இருந்தது. இரண்டாம் தடவைதான் அந்தத் தொலைபேசிக் காட்சி என்னைப் பிடித்து உட்கார வைத்தது. வெளியூருக்குப் போய்ப் பணக்காரனாகிவிட்ட நண்பன் பேசுகிறான். ரிசீவர் ஒன்று, கேட்க வேண்டியவர்கள் இரண்டு பேர். இரு முகமும் மூச்சுக்காற்று படும் தூரத்தில். அந்தப் பக்கம் நண்பன் ஏதோ பிளாஸ்டிக் வியாபாரம் பற்றி அளந்துகொண்டிருக்கிறான், இந்தப் பக்கம் இருவர் காதிலும் அது ஏறவே இல்லை. ஸ்டூவர்ட்டுக்குக் கோபம், தவிப்பு, கடைசியில் வெடிப்பு என்று செய்ய நிறைய இருக்கிறது. ரீடுக்கு ஓரிரு வரி வசனம்தான். அதையும் குரலே எழும்பாமல் உதட்டளவில் சொல்கிறார். கண்ணை நிமிர்த்துகிறார், அவன் வாய் அருகே பார்வை போனதும் தாழ்த்திக்கொள்கிறார். அழுகை வந்துவிடும் என்கிற அந்த ஒரு நொடியை அப்படியே இழுத்துப் பிடித்து நிற்கிறார். அப்போது அவருக்கு வயது 25.

இந்த மென்மையைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. ஐயோவா மாநிலத்தில் டெனிசன் என்ற ஊருக்குப் பக்கத்தில் விவசாயக் குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தவர் அவர். அதே படத்தில் பாழடைந்த வீட்டின் கண்ணாடி மேல் கல்லெறியும் காட்சி ஒன்று உண்டு. குறி தவறாமல் கண்ணாடியை உடைக்க காப்ரா தனியாக ஓர் ஆளை ஏற்பாடு செய்திருந்தார். ஆள் தேவைப்படவில்லை, ரீடே எறிந்து உடைத்துவிட்டார். நீ விவசாயி மகள்தானா என்று படத்தில் வில்லனாக நடித்த லயனல் பேரிமோர் 50 டாலர் பந்தயம் கட்ட, படப்பிடிப்புத் தளத்திலேயே பசு மாட்டில் பால் கறந்து காட்டி ஜெயித்தாராம்.

இப்படிப்பட்டவரை 1941இல் ஒப்பந்தம் செய்த எம்.ஜி.எம். ஸ்டுடியோ என்ன செய்தது? தங்கை, நர்ஸ், ஊரில் காத்திருக்கும் காதலி. திரும்பத் திரும்ப அதுதான். 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' வந்த புதிதில் வசூலிலும் சோபிக்கவில்லை. 1974இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்டதால், தொலைக்காட்சி நிலையங்கள் கிறிஸ்துமஸ்தோறும் இலவசமாகப் போட்டுப் போட்டுத்தான் அது இன்றைய புகழை அடைந்தது. ரீடுக்கு அந்தப் புகழால் என்ன பயன்? வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது.

1953இல் 'ஃப்ரம் ஹியர் டு எடர்னிட்டி' வந்தது. ஹவாயில் இராணுவ முகாம், பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு முந்தைய மாதங்கள். நாவலில் பாலியல் தொழிலாளியாக இருந்தவளைத் தணிக்கைக்குப் பயந்து கிளப்பில் வேலை செய்பவளாக மாற்றியிருந்தார்கள். அந்த வேடம் ரீடுக்கு. எல்லோரும் கடற்கரை முத்தத்தைப் பற்றியே பேசுவார்கள், நான் கடைசிக் காட்சியைச் சொல்வேன். ஊர் திரும்பும் கப்பலின் மேல்தளத்தில் நின்று, பக்கத்தில் இருக்கும் பெண்ணிடம் தன் வருங்காலக் கணவன் விமானி, போரில் வீர மரணம் அடைந்தான் என்கிறாள். அவன் சாதாரணச் சிப்பாய். சொந்தப் படைக் காவலர்கள் சுட்டுத்தான் செத்தான். கேட்டுக்கொண்டிருக்கும் டெபோரா கெருக்கு அவள் சொல்லும் அந்தப் பெயர் தெரியும், ஆனாலும் ஒன்றும் சொல்வதில்லை. ரீடின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. தான் சொல்லும் பொய்யைத் தானே நம்பத் தொடங்கிவிட்ட முகம் அது.

1954இல் சிறந்த துணை நடிகை ஆஸ்கர். அதன் பிறகு? கௌபாய் படங்களில் நாயகனுக்குப் பின்னால் நிற்கும் பெண். 1955இல் 'தி ஃபார் ஹொரைசன்ஸ்' படத்தில் முகத்தில் சாயம் பூசி சகாகவியா என்ற பூர்வகுடிப் பெண்ணாக நிறுத்தினார்கள். பூர்வகுடிகளுக்கும் அநியாயம், அவருக்கும் அநியாயம்.

அவர் காத்திருக்கவில்லை. கணவர் டோனி ஓவனோடு சேர்ந்து, இருவர் பெயரையும் இணைத்து 'டோடான்' என்ற தயாரிப்பு நிறுவனம். 1958 முதல் 1966 வரை ஏ.பி.சி. தொலைக்காட்சியில் 'தி டோனா ரீட் ஷோ', மொத்தம் 275 பகுதிகள். முதல் சில சீசன்களில் ஆண்டுக்கு 37க்குக் குறையாமல். இன்று ஒரு சீசனுக்குப் பத்து பகுதி எடுப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அத்தனையிலும் மையப் பாத்திரம் அவர்தான். அப்பாக்களைச் சுற்றியே குடும்பத் தொடர்கள் வந்த காலத்தில் அம்மாவை நடுவில் வைத்தது இது. இல்லத்தரசிகளின் பொற்கூண்டு என்று பின்னாளில் இதைத் திட்டினார்கள். அதில் பாதி நியாயம் இருக்கிறது, வீடு எப்போதும் பளிச்சென்றுதான் இருக்கும். ஆனால் 'வெறும் இல்லத்தரசி' என்ற பேச்சுக்கு அவர் சண்டைக்கு நிற்கும் பகுதியையும் பார்த்துவிட்டுத் திட்டட்டும்.

கடைசியாக 'டல்லாஸ்' தொலைக்காட்சித் தொடர். உடல்நலம் காரணமாக விலகிய பார்பரா பெல் கெடஸின் இடத்தில் 1984இல் மிஸ் எல்லி என்ற அம்மா பாத்திரத்தில் வந்தார். ஒரே சீசன். பழையவர் திரும்பி வரச் சம்மதித்ததும் இவரைக் கழற்றிவிட்டார்கள். வழக்குப் போட்டு, பத்து லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு வாங்கினார். 1986 ஜனவரியில், 65 வயது நிறைய இரண்டு வாரம் இருக்கையில், கணையப் புற்றுநோயால் இறந்தார்.

பல ஆண்டுகள் கழித்துப் பழைய பெட்டி ஒன்றில் ஒரு ஷூ டப்பா கிடைத்தது. இரண்டாம் உலகப்போரின்போது சிப்பாய்கள் அவருக்கு எழுதிய 341 கடிதங்கள். போர்முனையிலிருந்து, வீட்டுக்கு எழுதுவது போல எழுதியவை. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார். பெற்ற பிள்ளைகளுக்கே தெரியாது. 1967இல் வியட்நாம் போரை எதிர்த்துத் தாய்மார்கள் தொடங்கிய 'அனதர் மதர் ஃபார் பீஸ்' அமைப்பில் இணைத்தலைவராக அவர் வேலை செய்துகொண்டிருந்த நாட்களிலும் அந்த டப்பா வீட்டில்தான் இருந்திருக்கிறது.