காந்தத்தில் ஒட்டுகிறது, ஆனால் சாயம் வெளுக்கவில்லையே?

கேள்வி: ஃபெரஸ், ஃபெரிக் உப்புகளைக் கலந்து அம்மோனியா விட்டு மேக்னடைட் (கறுப்பு இரும்பு ஆக்சைடு) தயாரித்து, உலர் அடுப்பில் இரவு முழுக்க உலர்த்தினேன். காந்தத்தில் நன்றாக ஒட்டுகிறது. ஆனால் ஹைட்ரஜன் பெராக்சைடோடு மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயக் கரைசலில் போட்டால் இரண்டு மணி நேரமாகியும் நீலம் அப்படியே இருக்கிறது. 500 டிகிரியில் சுட்டால் வேலை செய்யுமா?

பதில்: தயவுசெய்து சுடாதீர்கள். பெராக்சைடை உடைத்து, சாயத்தைச் சிதைக்கும் ஹைட்ராக்சில் ரேடிக்கலைக் கிளப்புவது முக்கியமாக மேற்பரப்பில் உள்ள இரும்பு(II) அயனி, அதாவது ஃபெரஸ் (Fe²⁺). காற்றில் 500 டிகிரி காட்டினால் அது இரும்பு மூன்றாக, அதாவது ஃபெரிக்காக (Fe³⁺) மாறி, கடைசியில் சிவப்பு ஹெமடைட்தான் கையில் மிஞ்சும். கோபால்ட்டும் இரும்பும் சேர்ந்த ஆக்சைடான கோபால்ட் ஃபெரைட்டைச் சுடுகிறார்களே என்பீர்கள். அதில் இரும்பு ஏற்கெனவே மூன்றாகத்தான் இருக்கிறது, அதனால் இழக்க ஒன்றுமில்லை.

காந்தத்தில் ஒட்டுவதை மட்டும் நம்பாதீர்கள், ஏனென்றால் மேக்னடைட் ஆக்சிஜனேற்றம் அடைந்து வரும் மேக்ஹெமைட்டும் அதே மாதிரி ஒட்டும். ஒரு சிட்டிகைப் பொடியை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். கறுப்பாக இருந்தால் சரி, பழுப்பு அடித்தால் உங்கள் உலர் அடுப்புதான் குற்றவாளி. அதைச் சரிசெய்ய மெனக்கெடுவதைவிட, புதிதாகச் செய்து, கழுவிய நீர் நடுநிலைக்கு வரும்வரை அலசி, உலர்த்தாமல் நைட்ரஜன் ஊதிய நீரிலேயே வைத்துக்கொள்வது சுலபம். சிட்ரிக் அமிலமோ ஒலியிக் அமிலமோ சேர்த்திருந்தால் அதுவே மேற்பரப்பை மூடியிருக்கலாம்.

அப்புறம், வினையூக்கியைத் திட்டுவதற்கு முன் பிஎச் பாருங்கள். இரும்பு பெராக்சைடை உடைக்கும் இந்த ஃபென்டன் வினை பிஎச் 3ஐ ஒட்டித்தான் சூடு பிடிக்கும், 7இல் பெரும்பாலும் தூங்கிவிடும். பாஸ்பேட் பஃபர் வேண்டாம், பாஸ்பேட் இரும்பின் மேல் ஒட்டிக்கொண்டு இடத்தை அடைத்துவிடும். பெராக்சைடைக் கூடுதலாகக் கொட்டினாலும் பயனில்லை, பிறந்த ரேடிக்கலை அதுவே தின்றுவிடும்.

அமிலத்தில் இன்னொரு சிக்கல் உண்டு: இரும்பு கொஞ்சம் கரையும். பாதி வழியில் காந்தத்தால் பொடியை ஒதுக்கி, தெளிந்த கரைசலைத் தனியாக எடுத்து வையுங்கள். அதிலும் நிறம் அதே வேகத்தில் குறைந்தால் வேலை செய்வது உங்கள் பொடி அல்ல, கரைந்த இரும்பு.

மூன்றான இரும்பை மறுபடி இரண்டாக்க அஸ்கார்பிக் அமிலம் சேர்ப்பவர்கள் உண்டு. சேர்த்தால் ஒன்றைக் கவனியுங்கள், அது மெத்திலீன் புளூவை உடைக்காமலேயே நிறமிழக்கச் செய்யும். அதனால் இரும்பும் பெராக்சைடும் இல்லாமல், சாயத்தோடு அஸ்கார்பிக் அமிலம் மட்டும் விட்ட ஒரு குப்பியையும் பக்கத்தில் வையுங்கள்.