திருகோணமலையில் தாதி வேலைக்கு மேட்ரனிடம் நேரே பேசலாமா?

விண்ணப்பம் போட்டுப் பதிலே இல்லை, மேட்ரனை (தாதியருக்குப் பொறுப்பான தலைமைத் தாதியை) தொடர்புகொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தனியார் ஆஸ்பத்திரி என்றால் தாராளமாகப் பேசலாம். அரச ஆஸ்பத்திரி என்றால் வீண் அலைச்சல்தான். அங்கே ஆட்சேர்ப்பு சுகாதார அமைச்சின் வேலை. வர்த்தமானி அறிவித்தலைப் பார்த்துத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

தனியாரில் ஆளை எடுப்பதில் மேட்ரனின் சொல்லுக்குப் பெரும்பாலும் மதிப்பு உண்டு. ஆனால் காலையில் டியூட்டி மாறும் நேரத்திலோ வார்ட் ரவுண்ட் நடக்கும்போதோ கூப்பிடாதீர்கள். யாரிடமோ வாங்கிய சொந்த நம்பருக்கு இரவில் வட்ஸ்அப் போடுவது அதைவிட மோசம். ஆஸ்பத்திரி நம்பருக்கு அழைத்து, எப்போது பேசலாம் என்று கேளுங்கள்.

பேச்சு சுருக்கமாக இருக்கட்டும்: “வணக்கம் மேடம், போன வாரம் விண்ணப்பம் அனுப்பினேன். தாதியர் பதிவு இருக்கிறது, சத்திரசிகிச்சை வார்ட்டில் வேலை செய்திருக்கிறேன், இரவு டியூட்டியும் செய்வேன். நேரில் வந்து சந்திக்கலாமா?” சிங்களம் பேச வருமென்றால் அதையும் சொல்லிவிடுங்கள், திருகோணமலை வார்ட்டில் இரண்டு மொழியும் தேவைப்படும். சம்பளப் பேச்சை இப்போது எடுக்க வேண்டாம். “இடம் இல்லை” என்றால், சரி, சுயவிபரக்கோவையை வைத்திருக்கச் சொல்லிவிட்டு, ஒரு மாதம் கழித்து மறுபடி ஒருமுறை கேட்கலாம்.